குளிர்காலத்தில் கரண்ட் பில் எகிறுகிறது, எதை நிறுத்துவது?

கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: வீட்டில் நாலு பேர், புதிதாக எந்தப் பொருளும் வாங்கவில்லை, ஆனாலும் போன குளிர்காலத்தைவிட இந்த முறை பில் மிக அதிகம், எதை நிறுத்துவது என்று வீட்டில் தினமும் சண்டை.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எதை நிறுத்துவது என்று ஆரம்பிக்கும் பேச்சு, கொஞ்ச நேரத்தில் யாரை நிறுத்துவது என்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் ஆனது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எலக்ட்ரீசியன் இல்லை. கணக்கு எழுதும் வேலை பார்ப்பவன். சோலார் போடலாமே, வீட்டுச் சுவருக்குள் பஞ்சு அடைக்கலாமே என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: நாங்கள் இருப்பது வாடகை வீடு. ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் நடந்தது இது. பில் வந்தது, 604 யூனிட். தொகையைப் பார்த்து அதிர்ந்து போய் பழைய பில்களைத் தேடி எடுத்தேன். முந்தைய வருடம் அதே மாதம் 412. இரண்டுமே 31 நாள் கணக்குதான், மீட்டரைப் பார்த்து எடுத்த ரீடிங்தான், உத்தேசமாகப் போட்டது இல்லை. (நீங்களும் முதலில் இதைப் பாருங்கள். தொகையை ஒப்பிடாதீர்கள், கட்டண வீதம் மாறியிருக்கும். யூனிட்டையும் நாட்களையும் ஒப்பிடுங்கள்.) ஆக 192 யூனிட் அதிகம். ஒரு நாளைக்கு ஆறு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

அன்று ராத்திரியே விசாரணை ஆரம்பித்தேன். முதல் குற்றவாளி மகன். ராப்பகலாக லேப்டாப். அவன் அமைதியாக சார்ஜரைத் திருப்பிக் காட்டினான், அறுபது வாட். எட்டு மணி நேரம் முழுசாக இழுத்தாலும் அரை யூனிட் வராது. "நீங்க குளிக்கிற ஒரு வாளி வெந்நீருக்கு இதைவிட அதிகம்பா" என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும். குழாயில் 15 டிகிரியில் வரும் 20 லிட்டரை 40 டிகிரிக்குக் கொண்டுபோக 0.58 யூனிட் வேண்டும். கோடையில் அதே தண்ணீர் 25 டிகிரியில் வந்தால் 0.35 போதும். நாம் குளிப்பது அதே வாளிதான், ஆனால் குளிர்காலத்தில் அதற்கு ஒன்றரை மடங்குக்கு மேல் செலவு.

அடுத்து மனைவி. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதோடு அந்த விசாரணை முடிந்தது.

மிச்சம் அம்மா. அம்மாவுக்கு 78 வயது, முட்டிவலி. அவர் அறையில் எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் ஒன்று, 1500 வாட். இரவு எட்டு மணி நேரம் போட்டிருப்பார். தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு அணைப்பதால் பாதி நேரம்தான் ஓடும் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு ராத்திரிக்கு 6 யூனிட். எனக்கு வேண்டியதும் 6 யூனிட்தான். கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டால் கணக்கு எழுதுகிறவனுக்கு மேலே யோசிக்கத் தோன்றாது. போன வருடமும் அதே ஹீட்டர் அதே அறையில் ஓடிக்கொண்டுதானே இருந்தது, அப்போது 412தானே வந்தது என்ற சின்னக் கேள்விகூட எனக்கு வரவில்லை.

"அம்மா, படுக்கிறவரைக்கும் போட்டுக்கோங்க, தூங்கப்போறப்ப அணைச்சிடுங்க, ரெண்டு கம்பளி தர்றேன்" என்றேன். "சரிப்பா" என்றார். ஒன்பது நாள் அப்படி ஓடியது. காலையில் எழுந்து வரும்போது ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்தாம் நாள் மகன்தான் தன்னுடைய அறை வெப்பமானியைக் கொண்டுபோய்ப் பாட்டியின் கட்டில் பக்கம் வைத்துவிட்டு, காலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். 13 டிகிரி. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருப்பது நல்லது, வயதானவர்களுக்கு அதற்கும் மேல் வேண்டியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருப்பதை எடுத்துப் படித்தும் காட்டினான். பதினாறு வயதுப் பையனிடம் பாட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

ஹீட்டரைத் திரும்பப் போட்டேன். அப்புறம்தான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். நீங்கள் செய்து பார்க்க வேண்டியதும் இதுதான்.

டிஜிட்டல் மீட்டர்களில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சடித்திருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200. சில மீட்டர்களில் 1600 என்றும் இருக்கும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணி, அறுபதால் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் அந்த நொடியில் வீடு எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். வேறு கருவி எதுவும் வேண்டாம். ஒரு நாற்காலியும் பொறுமையும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். ஹீட்டர், விளக்கு, டிவி எல்லாம் அணைத்தேன். ஃபிரிட்ஜும் கீசரும் மட்டும் விட்டுவைத்தேன். அம்மா எந்த நேரத்தில் எழுந்தாலும் வெந்நீர் வேண்டும் என்பதால் கீசர் சுவிட்சை நாங்கள் அணைப்பதே இல்லை. மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நிமிடத்துக்கு ஐந்து சிமிட்டல், அது ஃபிரிட்ஜ். திடீரென்று படபடவென்று அடிக்க ஆரம்பித்தது, நூறைத் தாண்டி. கீசர் 2000 வாட், நிமிடத்துக்கு 107 சிமிட்டல் வர வேண்டும், ஃபிரிட்ஜையும் சேர்த்து ஒத்துப்போகிறது. ஐந்து நிமிடத்தில் நின்றது. சரி, டாங்க் ஆறினால் திரும்பச் சூடாக்கத்தானே செய்யும். ஆனால் நாற்பது நிமிடத்தில் மறுபடி. இன்னொரு நாற்பது நிமிடத்தில் மறுபடி. வீட்டில் ஒரு குழாயைக்கூட யாரும் திறக்கவில்லை.

தண்ணீர் எங்கேயோ போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. குழாய்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன. கீசரின் சேஃப்டி வால்விலிருந்து ஒரு மெல்லிய குழாய் சுவரைத் துளைத்து வீட்டுக்குப் பின்னால் போகிறது. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை, ஒரு பூனையைத் தவிர. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், அந்தக் குழாயை ஒட்டிய திட்டில் சுருண்டு படுத்திருக்கும். ஒரு மாதமாக அதைப் பார்த்து, "இவ்வளவு பெரிய வீட்டில் இதுக்கு வேற இடமா கிடைக்கல" என்று சிரித்துக்கொண்டிருந்தோம். போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. அதன் வாயிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் சத்தமே இல்லாமல் சாக்கடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்தேன். 14 நிமிடத்தில் நிரம்பியது. ஒரு நாளைக்கு 103 லிட்டர். 15 டிகிரியில் வந்து 65 டிகிரிக்கு ஏறி வெளியே போகிற தண்ணீர், அதாவது 50 டிகிரி. 103ஐ 50ஆல் பெருக்கி 860ஆல் வகுத்தால் 6 யூனிட்.

அம்மாவின் ஒரு ராத்திரிச் சூடு 6 யூனிட். சுவருக்குப் பின்னால் பூனைக்குப் போனதும் 6 யூனிட்.

பிளம்பர் வந்தார். "நாலு சொட்டு வரத்தான் சார் செய்யும்" என்றார். அதுவும் உண்மைதான், தண்ணீர் சூடாகும்போது விரிவதால் அந்த வால்வு கொஞ்சம் சொட்டும், அது தப்பில்லை. சூடாக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருந்தால்தான் கோளாறு. எங்கள் வால்வில் உப்பு படிந்து மூடாமல் நின்றிருந்தது. மாற்றினார். இதைப் படித்துவிட்டு யாரும் அந்தக் குழாயின் வாயை அடைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற இருக்கிற ஒரே வழி அது, அடைத்தால் டாங்க் வெடிக்கலாம். மாற்றிய பிறகு மறுபடி மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இந்த முறை கீசர் ஒரு தடவை ஓடி மறுபடி ஓட ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. அடுத்த மாதம் 409 யூனிட்.

இடையில் என் அண்ணன் கதை ஒன்று இருக்கிறது. அவர் வேறு ஊர். பில் விஷயத்தைப் போனில் சொன்னபோது, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று விற்கிறார்களே, பிளக்கில் செருகுகிற ஒரு பெட்டி, அதை வாங்கி கூரியரில் அனுப்பிவைத்தார். அதைச் செருகினால் பச்சை விளக்கு எரியும், வேறெதுவும் நடக்காது. உள்ளே இருப்பது ஒரு கெபாசிட்டர். பெரும்பாலான வீடுகளில் பில் போடுவது உண்மையில் செலவான யூனிட்டுக்கு, அதை இந்தப் பெட்டி குறைக்காது. சரி, அன்போடுதானே அனுப்பினார் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த ஒன்பது நாளில் ஒரு ஞாயிறு அம்மாவிடம் பேசிவிட்டு, போனை என்னிடம் தரச் சொல்லி, "அம்மா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு, நீ சரியா கவனிக்கிறியா" என்று கேட்டார். பதினோரு வருடமாக அம்மா என்னோடு இருக்கிறார். ஆஸ்பத்திரி, மருந்து, கண் ஆபரேஷன், எல்லாம் நானும் என் மனைவியும். அவருடைய பங்கு வாரம் ஒரு போன், இப்போது ஒரு பச்சை விளக்குப் பெட்டி. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். என்னைச் சுட்டது வேறு. அன்று அவர் கேட்டது சரியான கேள்வி.

மற்றபடி நாங்கள் செய்ததில் எது உதவியது என்று கேட்டால், அம்மாவுக்கு வாங்கிய மின்சாரப் போர்வைதான் முதலில். 100 வாட், எட்டு மணி நேரம் முழுசாக ஓடினாலும் 0.8 யூனிட். அறை முழுவதையும் சூடாக்குவதற்குப் பதில் ஆளைச் சூடாக்குகிறது. அதனால் ஹீட்டரை 18க்கு வைத்தால் போதுமானதாக இருக்கிறது. தானாக அணைகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், மடித்து மேலே எதையும் வைக்காதீர்கள். இதைச் சொன்னால் வயதானவர்களுக்கு ஆபத்து என்று ஒருவர் வருவார். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்துதான், சூடு தெரியாமல் புண்ணாகிவிடும். அம்மாவுக்கு அது இல்லை என்பதால்தான் வாங்கினேன்.

கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியைப் பழைய துணியை உருட்டி அடைத்தோம். வெயில் இருக்கும்வரை திரைச்சீலை திறந்திருக்கும், இருட்டியதும் மூடிவிடுவோம். கீசரை 65லிருந்து 60க்குக் குறைத்தேன், அதற்குக் கீழே போகவில்லை. இளஞ்சூட்டில் தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்கிற பாக்டீரியா வளரும்.

ஹீட்டர் கடைகளில் "இது கரண்ட் கம்மியா இழுக்கும் சார், அதே சூடு தரும்" என்று சொல்வதை நம்பாதீர்கள். எண்ணெய் ஹீட்டரோ, ஃபேன் ஹீட்டரோ, சிவப்பாக எரிகிற கம்பி ஹீட்டரோ, ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் கிடைக்கும். விதிவிலக்கு சூடான காற்றும் தருகிற ஏசி. அது வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வருவதால், ரொம்பக் கடுங்குளிர் இல்லாத இடங்களில் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். உங்கள் வீட்டு ஏசி ரிமோட்டில் சூரியன் படம் போட்ட பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பல வருடம் வைத்திருந்தும் அதை அழுத்திப் பார்க்காதவர்கள் நிறைய. ஏசி பக்கத்து அறையில் இருந்ததால் எங்களுக்கு அது பெரிதாக உதவவில்லை.

உங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று கீழே எழுதுங்கள், எல்லாம் அணைத்துவிட்டு ஒரு நிமிடம் எண்ணியதையும் எழுதுங்கள். கணக்கு நான் போட்டுத் தருகிறேன்.

வால்வு மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. இப்போதும் சில ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் அம்மா அறையில் ஹீட்டர் விளக்கு எரியாது. நான் போட்டுவிட்டு வருவேன். "அதான் சரி பண்ணியாச்சேம்மா, ஏன் அணைக்கிறீங்க" என்றால், தூக்கத்திலேயே "சரிப்பா" என்பார்.