ஒரு முழம் மஞ்சள்

அன்புள்ள ஐயா,

வடசென்னைக்கென்று ஒரு கொடி வரைந்து இணைத்திருக்கிறேன். கறுப்பு சிவப்புப் பின்னணியில் குத்துச்சண்டைக் கையுறை, கேரம் பலகை, எண்ணூர் புகைபோக்கி, மீன். கீழே 'வடசென்னை' என்ற எழுத்து. ஊருக்குத் தனிக்கொடி என்பதே பிரிவினை என்கிறார் நண்பர். உங்கள் கருத்து?

வாசகர், கொருக்குப்பேட்டை

அன்புள்ள தம்பி,

நண்பரை விடுங்கள். 1970இல் கருணாநிதி மாநிலத்துக்கே ஒரு கொடி மாதிரியை வெளியிட்டார், நாடு உடைந்துவிடவில்லை. நிறம் உங்கள் பாடு. கறுப்பு சிவப்பு யாருடையது என்று உங்கள் தெருக் குழந்தைக்கும் தெரியும், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் அந்த எழுத்தின் மேல். பெயரை எழுதித்தான் ஊரைக் காட்ட வேண்டுமென்றால் பெயர்ப்பலகை போதுமே! காற்றடித்தால் பாதி எழுத்து மடிப்புக்குள் போய்விடும். மறுபக்கம் நிற்பவனுக்கு இடம் வலம் மாறித் தெரியும். பட்டினப்பாலையில் மீன் அறுத்துப் பொரிக்கிற முற்றத்துக் கள்ளுக்கடைக்கும் கொடி உண்டு. குடிக்க வந்தவன் எழுத்துக் கூட்டியா நுழைந்தான்?

காசிமேட்டில் என் மாமா வலை விட்டுப் பிழைத்தவர். வலையின் முனையில் மிதவை, அதில் ஆளுயர மூங்கில், சாயாமலிருக்க அடியில் கல், உச்சியில் துணி. மற்றவர்களைப் போல அவரும் கறுப்புத் துணிதான் கட்டுவார். அதன் கீழே மட்டும் ஒரு முழம் மஞ்சள். அத்தையின் பழைய சேலை. ஏன் என்று கேட்டேன். "படகு அலைமேல் ஏறி இறங்குவதற்குள் நம்முடையது எது என்று தெரிய வேண்டுமடா" என்றார். உப்பில் வெளுத்தால் அத்தை இன்னொரு முழம் கிழித்துத் தருவார். (1923 மே தினத்தில் சிங்காரவேலர் ஏற்றிய செங்கொடியும் மகளின் சேலைதான் என்பார்கள்.) சேலை தீர்ந்த வருடம் அதே மஞ்சளைத் தேடி வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு முழுக்க மாமாவோடு அலைந்தேன். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார் கடைக்காரர். வாங்கி வந்ததை அத்தை வெயிலில் பிடித்துப் பார்த்து, "இது அது இல்லை" என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் என்றைக்காவது கையுறை மாட்டியிருக்கிறீர்களா? வெளியூர்க்காரன் நம்மைப் பற்றி வைத்திருக்கும் பட்டியலை அப்படியே வரைந்து அனுப்பியிருக்கிறீர்கள். கோடு நன்றாக வருகிற கை உங்களுடையது, அதனால்தான் திட்டுகிறேன். அடுத்த முறை படம் வேண்டாம். துணியில் தைத்து மொட்டை மாடியில் கட்டுங்கள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.