மிஞ்சின வாகனப் பெயின்றை என்ன செய்யலாம்?

விசுவமடுவில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். பெயின்ரர் ஒருவரை வீட்டுக்கே கூப்பிட்டு, மாமரத்துக்குக் கீழே வைத்து, கணவருடைய ஹயஸ் வானுக்குப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். வேலை முடிந்து அவர் போய்விட்டார். மிஞ்சினவை குசினிக்குப் பின்பக்கம் வரிசையாக நிற்கின்றன: ஒரு லீற்றர் அளவு சில்வர், அரை லீற்றர் கிளியர் (நிறத்துக்கு மேல் மினுக்கத்துக்கு அடிக்கிற நிறமில்லாத பூச்சு), அதை இறுக வைக்கிற ஹாட்னரில் பாதி, நாலு லீற்றர்க் கலனில் கால்வாசித் தின்னர், கண் கழுவின கறுப்புத் தின்னர் ஒரு சோடாப் போத்தல் நிறைய. அதோடு போன வருடம் உழவு இயந்திரப் பெட்டிக்கு அடித்து மிஞ்சின பச்சை எனமல் முக்கால் ரின். (பெயின்ற் அடிக்கிற கருவியைத்தான் ‘கண்’ என்கிறேன். வன்னியில் அதைத் துப்பாக்கி என்று எழுதினால் கதை வேறாகிவிடும்.)

அவருடைய கேள்வி இது: “எல்லாத்தையும் ஒன்றாக் கலக்கிக் கேற்றுக்கு அடிக்கலாமோ அண்ணா? இல்லாட்டில் கிணத்தடி வாழைக்குள்ள ஊத்தி விடட்டோ?”

இரண்டும் வேண்டாம் தங்கச்சி. ஆனால் அதற்கு முதல் வேறொரு வேலை இருக்கிறது. அந்த ரின்களை இன்றைக்கே குசினிச் சுவரை விட்டு எடுங்கள். தின்னரில் பெரும்பாலும் ரொலுயீன் என்ற திரவம் இருக்கும். அது வெறும் 4 பாகை செல்சியஸிலேயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியை விடும். நம்முடைய பங்குனி, சித்திரை வெயிலில் நிழலிலேயே 33, 34 பாகை போகிறது. அந்த ஆவி காற்றை விடப் பாரமானது. மேலே எழும்பிக் கலைந்து போகாமல் நிலத்தோடு ஊர்ந்து அடுப்படிக்கு வரும். மூடி சரியாக இறுகாத ஒரு கலனும், மூன்று அடிக்கு அப்பால் எரிகிற விறகடுப்பும் போதும். நிழலான, காற்றோட்டமான, பிள்ளைகளுக்கு எட்டாத ஒரு கொட்டிலுக்கு மாற்றுங்கள். தகரக் கொட்டில் என்றால் கூரையோடு ஒட்டிய தட்டில் வைக்கக்கூடாது. மத்தியானத்தில் அங்கேதான் சூடு அதிகம்.

சரி, இனிக் கேற்றுக்கு வருவோம்.

பெயின்ற் எல்லாம் ஒரே சாமான் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. உங்களிடம் இருக்கிற சில்வர், தின்னர் பறந்தவுடன் காய்கிற வகை. கிளியர், ஹாட்னர் கலந்தால்தான் இறுகுகிற வகை. கராச்சில் ‘டூகே’ என்பார்கள். பச்சை எனமல், காற்றுப் பட்டு மெல்ல மெல்ல இறுகுகிற எண்ணெய் வகை, அதற்குக் கலப்பது டர்பன்டைன். இவற்றை ஒன்றாக ஊற்றிக் கலக்கினால் திரண்டு கட்டியாகலாம். அப்படி ஆகாவிட்டாலும், பூசிய பிறகு சரியாகக் காயாமல் மாதக்கணக்கில் கையில் ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒன்றன் மேல் ஒன்று அடிப்பதும் இப்படித்தான். காய்ந்த எனமலுக்கு மேல் இந்தச் சில்வரை அடித்துப் பாருங்கள். சில்வரில் உள்ள தின்னர் எனமலைத் தூக்கிவிடும். பால் ஆறும்போது ஆடை சுருங்குமே, அப்படிச் சுருங்கும். பிறகு முழுவதையும் சுரண்டி எடுக்கிற வேலைதான் மிச்சம்.

கேற்றுக்குச் சரியான சாமான் அந்தப் பச்சை எனமல். மூடியைத் திறந்தால் மேலே தோல் படிந்திருக்கும். அதைக் குத்திக் கலக்கிவிடாமல் ஓரத்தைக் கத்தியால் வெட்டி முழுத் துண்டாக எடுத்து எறியுங்கள். அடியில் மண்டியிருப்பதைத் தடியால் ஐந்து நிமிடமாவது கிண்டி மேலே கொண்டுவந்து, பழைய நைலோன் காலுறையில் வடிகட்டுங்கள். ஒரு லீற்றர் எனமல் ஒரு பூச்சுக்கு 10 தொடக்கம் 12 சதுர மீற்றர் வரை வரும். 10 அடிக்கு 6 அடித் தகரக் கேற்றின் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 11 சதுர மீற்றர். அப்படியென்றால் உங்களிடம் இருக்கிற அளவு எதற்குப் போதும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். கறளைத் தேய்த்து எடுத்து ஒரு கை அண்டர்கோட் அடித்த பிறகு பூசுங்கள். பூசின துணியைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம். எண்ணெய் வகைப் பெயின்ற் இறுகும்போது தானாகவே சூடு பிறக்கும். சுருட்டின துணிக்குள் அந்தச் சூடு போக வழியில்லாமல் நெருப்பாகவே மாறலாம். விரித்துக் கொடியில் போட்டுக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

சில்வரைக் கேற்றுக்குப் பிரஷால் அடிக்கலாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். அதற்குள் இருப்பது நுண்ணிய அலுமினியச் செதில். கண்ணால் அடித்தால்தான் அது சீராகப் படுக்கும். பிரஷ் போனால் மாட்டு வால் அடித்த மாதிரிக் கோடு கோடாக நிற்கும். மேலே கிளியர் போடாவிட்டால் ஒரு மாரி தாங்காது, தொட்டால் கையில் சாம்பலாக வரும்.

ஆனால் அந்தச் சில்வர்தான் உங்களிடம் இருப்பதிலேயே பெறுமதியான மிச்சம். நாளைக்கு வான் எங்காவது உரசுப்பட்டால் அதே கலவை கையில் இருக்கும். பெரிய ரின்னில் கொஞ்சம் பெயின்ற் விட்டு வைத்தால் உள்ளே இருக்கிற வெற்றிடத்துக்குள் தின்னர் பறந்து, பெயின்ற் தடித்துவிடும். ஆகவே கழுத்துவரை நிரம்பக்கூடிய சின்னக் கண்ணாடிப் போத்தல்களுக்கு மாற்றுங்கள். வெறும் நகப்பூச்சுப் போத்தல் இருந்தால் தின்னரால் கழுவி அதிலும் கொஞ்சம் ஊற்றி வையுங்கள். உள்ளேயே பிரஷ் இருக்கிறது, கல்லடித்த புள்ளிகளுக்கு அதை விடத் தோதானது இல்லை. யோகட் கப்பில் மட்டும் ஊற்றாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அடி உருகிக் கழன்று தரையெல்லாம் சில்வர் ஆகிவிடும். எனக்குத் தெரிந்த எல்லாப் பெயின்ரருக்கும் ஒரு தடவையாவது இது நடந்திருக்கிறது.

போத்தலில் நிற இலக்கம், திகதி, என்ன கலந்தது என்பவற்றை எழுதி ஒட்டுங்கள். மூடியில் எழுத வேண்டாம், மூடிகள் இடம் மாறும். ரொயோட்டா வாகனங்களில் பெயர்த் தகட்டில் ‘சி, ரி, ஆர்’ என்ற எழுத்துகளுக்கு எதிரே முதலில் வருவது நிற இலக்கம். இன்னொன்று: மூன்று நாலு வருடம் போனால் வான் வெயிலில் மங்கியிருக்கும், போத்தலில் இருக்கிற சில்வர் மங்காது. அப்போது நடுக் கதவில் அடித்தால் திட்டுத் தெரியும். சின்னக் கீறலுக்குத்தான் அது.

இனி ஹாட்னர். இதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்லப் போகிறேன். மற்ற எல்லாவற்றிலும் பார்க்க நம்மவர்கள் கவனிக்காத சாமான் இதுதான்.

நான் வேலை பழகினது பொருளாதாரத் தடைக் காலத்தில், மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின நாட்களில். ஒரு மேசைக்கரண்டிப் பெயின்றையும் எறிய விடமாட்டார் என் முதலாளி. மருந்துப் போத்தலில் ஊற்றி மூடி வைப்பார். அன்றைக்கு இருந்தவை எனமலும், தின்னர் பறந்தவுடன் காய்கிற என்சி என்ற வகையும், மூடி வைத்தால் கிடக்கும். அந்தப் பழக்கத்திலேயே, பிறகு டூகே வந்த புதிதில், ஹாட்னர் கலந்து மிஞ்சின கிளியரை நானும் ரின்னில் ஊற்றி இறுக்கி மூடி வைத்தேன். காலையில் பார்த்தால் ரின் முழுவதும் கண்ணாடிக் கட்டி. உள்ளே விட்ட கலக்குத் தடியையும் எடுக்க முடியவில்லை. ஹாட்னர் கலந்த பெயின்றை நாளைக்கு என்று வைக்கவே முடியாது. ரின்னில் எழுதியிருக்கிற நேரம் பெரும்பாலும் 20, 25 பாகைக்குச் சொன்னது. நம்முடைய சூட்டில் அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே உங்கள் கிளியரும் ஹாட்னரும் கலக்காமல் தனித்தனியே இருக்கும்வரைதான் அவற்றுக்கு ஆயுள்.

கலக்காத ஹாட்னரும் ஒரு தடவை திறந்துவிட்டால் நாள் எண்ணத் தொடங்கிவிடும். அதில் இருக்கிற ஐசோசயனேற் காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து இறுகும், அப்போது கரியமில வாயுவும் வரும். மாரிகாலத்தில் இது இன்னும் வேகம். ரின்னை அசைக்காமல் கொஞ்சத்தைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். கலங்கல் இல்லாமல் தெளிவாக இருந்தால் பாவிக்கலாம். பால் கலந்த மாதிரி மங்கலாகவோ, நூல் விடுகிற மாதிரியோ இருந்தால் அதன் காலம் முடிந்தது. அதைக் கலந்து வானுக்கு அடித்தால் கிளியர் மினுங்காது, நகத்தால் கீறினாலே கோடு விழும்.

ரின்னின் மூடி வீங்கியிருந்தால் ஸ்குரூ ட்ரைவரைக் கொடுத்து நெம்பாதீர்கள். முகத்தை விலக்கி, மேலே தடித்த துணியைப் போட்டு, கையுறையோடு மெல்ல மெல்லத் தளர்த்துங்கள், ‘புஸ்’ என்று காற்றுப் போகட்டும். பயமாக இருந்தால் திறக்காமலே அப்படியே கராச்சுக்குக் கொண்டு போங்கள்.

இதை ஸ்பிரே அடிக்கிற வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். ஐசோசயனேற் கலந்த ஸ்பிரேத் தூவல் நெஞ்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். வந்தவருக்குப் பிறகு கொஞ்சமாக மணந்தாலே இழுப்புத் தொடங்கும். என்னோடு வேலை செய்த ஒருவர் இதனால் தொழிலையே விட்டார். முகத்தில் கைலேஞ்சி கட்டுவதும், கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க் போடுவதும் இதற்கு ஒன்றும் உதவாது. வெளியில் இருந்து குழாயில் நல்ல காற்று வருகிற முகமூடி வேண்டும். உங்கள் பெயின்ரரிடம் அது இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

கறுப்புத் தின்னருக்கு வருவோம். அதை எறிய வேண்டியதே இல்லை. நாலைந்து நாள் ஆட்டாமல் வைத்தால் பெயின்ற் அடியில் மண்டும், மேலே தெளிந்து நிற்கும். அந்தத் தெளிவை மெல்ல வடித்து எடுத்தால் அடுத்த தடவை பிரஷும் கண்ணும் கழுவ முதல் தண்ணியாகப் பாவிக்கலாம். பெயின்றில் கலக்க மட்டும் கூடாது. ஆனால் அது சோடாப் போத்தலில் இருப்பதுதான் எனக்குப் பயம். இன்றைக்கே வெறுமையான பழைய தின்னர்க் கலனுக்கோ வேறு தகரக் கலனுக்கோ மாற்றி, பெயர் எழுதுங்கள். தப்பித் தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தின்னர் நுரையீரலுக்குள் போய்விடும். போத்தலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாழைக்குள் ஊற்றுகிற கதைக்கு என்னுடைய பதில் சுருக்கம். நீங்கள் குடிக்கிறது அந்தக் கிணற்றுத் தண்ணீர். மண்ணுக்குள் போன தின்னர் நிலத்தடி நீரைத் தேடித்தான் போகும், மேலே மிதந்து பரவும், கொதிக்கவைத்து வடிகட்டித் திருத்துகிற விடயம் அல்ல. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது தண்ணீருக்குப் பவுசரைப் பார்த்துச் சனம் நின்றது நினைவிருக்கும்தானே. வாய்க்காலுக்குள் விட்டாலும் வயலுக்குத்தான் போகும்.

கொளுத்துவதும் புதைப்பதும் அதே. மூடின ரின்னும் ஸ்பிரேக் கானும் நெருப்பில் வெடிக்கும். பழைய மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் வாகனப் பெயின்றுகளில் ஈயம் இருக்கலாம், அது புகையோடும் சாம்பலோடும் வளவுக்குள்ளேயே நிற்கும். அதோடு நம்முடைய நிலத்தில், நெருப்பு மூட்டுகிற இடத்துக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று யார் சத்தியம் பண்ணுவார்கள்? கிடங்கு வெட்டுகிறவரும் அதே யோசனையோடுதான் மண்வெட்டியைப் போட வேண்டும்.

அப்படியென்றால் ஒன்றுக்கும் உதவாத மிச்சத்தை என்ன செய்வது? திரவமாக எதையும் வளவை விட்டு அனுப்பாதீர்கள், கட்டியாக்குங்கள். கிளியரும் ஹாட்னரும் இன்னும் நல்லதாக இருந்தால் ரின்னில் சொன்ன விகிதப்படி (பல கிளியர்களுக்கு இரண்டுக்கு ஒன்று) கலந்து, தகரத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, வெளியில் நிழலில் விட்டால் இறுகிப் பிளாஸ்ரிக் தகடாகிவிடும். மற்றதுகளுக்கு மரத்தூள். மரம் அரிகிற ஆலையில் ஒரு சாக்குக் கேட்டால் தருவார்கள். உமி நம்மிடம் மலை மலையாகக் கிடக்கிறது, ஆனால் அது அவ்வளவாக உறிஞ்சாது. மரத்தூளில் பெயின்றை ஊற்றிக் கிளறி, அடுப்புக்கும் பீடிக்கும் எட்டாத இடத்தில் பரப்பி, மணம் போகும்வரை காயவிடுங்கள். கெட்டுப்போன ஹாட்னருக்கு மரத்தூளை முதலில் தண்ணீரில் நனையுங்கள், அந்தப் பாத்திரத்தை இரண்டு மூன்று நாளுக்கு மூடாதீர்கள். காய்ந்து இறுகினதைத் தனிப் பையில் கட்டி, பிரதேச சபை ஆட்களிடம் இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். உள்ளே சுத்தமாகக் காய்ந்த வெறும் ரின்னைப் பழைய இரும்புக்காரர் எடுப்பார்.

ஆபத்தான கழிவுகளைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் வேண்டும் என்று விதி இருக்கிறது, தொழிற்சாலைக் கழிவுகள் புத்தளம் சீமெந்துச் சூளைவரை போகின்றன. ஒரு வீட்டின் நாலு ரின்னுக்கு அந்த வழி திறப்பதில்லை. அதனால் கட்டியாக்க முதல் பக்கத்துக் கராச்சில் கேட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கிற கிளியரையும் தின்னரையும் வேண்டாம் என்று சொல்கிற பெயின்ரரை நான் இன்னும் காணவில்லை. காசு தராவிட்டாலும் வானில் ஒரு கீறலைச் சும்மா செய்து தருவார்.

கடிதத்தின் அடியில் இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், பிள்ளையின் ஊஞ்சல் பலகைக்குக் கொஞ்சம் சில்வர் அடிக்கலாமா என்று. ஊஞ்சலுக்கும், தொட்டிலுக்கும், மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும், நெல் போடுகிற பெட்டிக்கும் வாகனப் பெயின்ற் எதுவும் வேண்டாம். பிள்ளை பலகையைக் கடிக்காது என்று எந்தத் தாயும் உறுதி சொல்லமாட்டார். பலகையை அரத்தாள் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசி விடுங்கள்.