பெருந்தமனி வால்வுக்குக் கீழே உள்ள சவ்வை அறுவை செய்து எடுத்த பிறகு அடைப்பு மீண்டும் வருமா?

வரலாம், ஆனால் எல்லோருக்கும் அல்ல. இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் பாதையில், வால்வுக்குச் சற்றுக் கீழே வளரும் நார்ச் சவ்வை, இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதயத்தை நிறுத்தி, பெருந்தமனியைத் திறந்து, வால்வின் இதழ்களை மெல்ல விலக்கி, அந்த வழியாகவே அறுவை மருத்துவர் உரித்தெடுக்கிறார். கைத்திறன் தெரியும் இடம் இதுதான்: வலது இதழுக்கும் அதன் பின்னுள்ள இதழுக்கும் இடைப்பட்ட மூலைக்குக் கீழே இதயத்தின் மின்கடத்து நார்க்கற்றை ஓடுகிறது, அங்கே கத்தி ஆழமாகப் போனால் நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்படலாம். தடித்த தசையையும் சேர்த்துச் செதுக்கினால் மறுவளர்ச்சி குறையுமா என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

சவ்வு மட்டுமே இருந்தால் அறுவையின்போது உயிரிழப்பு அரிது. சவ்வு வால்வை ஒட்டி இருந்தவர்களுக்கும், அறுவைக்கு முன் அடைப்பின் இரு பக்கத்துக்கும் இடையே ரத்த அழுத்த வேறுபாடு மிக அதிகமாக இருந்தவர்களுக்கும் அடைப்பு திரும்பும் வாய்ப்பு கூடுதல். பாதை முழுவதுமே சுரங்கம்போல் குறுகியிருந்தால் வெறும் உரிப்பு போதாது. 1975இல் ஜப்பானிய மருத்துவர் கொன்னோ விவரித்த, இடைச்சுவரைப் பிளந்து ஒட்டுப்போட்டு அகலப்படுத்தும் முறையோ அதன் மாற்று வடிவமோ வேண்டியிருக்கும். வால்வுக் கசிவு பல ஆண்டுகள் கழித்தும் கூடக்கூடும் என்பதால், எக்கோ பரிசோதனையை வாழ்நாள் முழுவதும் விடாமல் தொடர வேண்டும்.