ஓர் அட்டை அசித்ரோமைசின்

அன்புள்ள ஐயா,

2021 மே மாதத்தில் எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் கொரோனா. மருத்துவமனைகளில் படுக்கை கிடைக்கவில்லை. உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மருந்துச் சீட்டைக் காட்டி அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி, எல்லோரும் ஐந்து நாள் சாப்பிட்டோம். பிழைத்தோம். சென்ற மாதம் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. சிறுநீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் மாத்திரைகளுக்கு நேரே எல்லாம் ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட், அதாவது மருந்து பலிக்காது) என்றே வந்தது. ஊசிதான் போட வேண்டியதாயிற்று. அன்று சாப்பிட்ட மாத்திரைக்கு அம்மாவின் உடம்பு பழகிவிட்டதா? பயத்தில் விழுங்கியவர்களைக் குற்றம் சொல்வது நியாயமா?

க. செ., ஈரோடு

அன்புள்ள க. செ.,

மருந்துக்குப் பழகுவது பாக்டீரியா. உடம்புக்கு அதில் பங்கில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு, அதற்குத் தப்பிய கிருமிகள் குடலில் சில மாதங்கள் மேலோங்கி நிற்கும். பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். எனவே அம்மாவின் ரிப்போர்ட்டையும் 2021-இன் அட்டையையும் முடிச்சுப் போட வேண்டாம். சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை பாக்டீரியா நம் ஊரில் கொரோனாவுக்கு வெகு முன்பே பல மாத்திரைகளுக்கு மசியாமல் போய்விட்டது. கார்பபெனம் போன்ற கடைசி வரிசை ஊசிகளையே வீணாக்கும் என்டிஎம்-1 மரபணு, சென்னை நோயாளிகளின் கிருமிகளில் இருப்பது 2010-இலேயே மருத்துவ இதழில் வெளியாகிவிட்டது.

உங்கள் குடும்பத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த மாத்திரை உங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் பிரான்சின் மார்செய் நகரில் நுண்ணுயிரியலாளர் திதியே ரவூலின் குழு கொரோனா சிகிச்சை பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. மொத்தம் 36 நோயாளிகள்; அவர்களில் மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினுடன் அசித்ரோமைசினும் பெற்றவர்கள் ஆறே பேர். ஆறு பேர்! அமெரிக்க அதிபர் டிரம்ப் ட்விட்டரில் அந்தச் சேர்க்கையைப் புகழ்ந்தார். வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் எதற்கு என்று கேட்கும் நிலையில் அப்போது யாரும் இல்லை. அந்த ஆண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக விற்ற ஆன்டிபயாடிக் சுமார் 21.6 கோடி டோஸ், அதில் அசித்ரோமைசின் 3.8 கோடி என்று விற்பனைத் தரவுகளை ஆராய்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள். பணக்கார நாடுகள் பலவற்றில் நேர்மாறாக நடந்தது. பள்ளிகள் மூடியதால் குழந்தைகளுக்குச் சளியும் காய்ச்சலும் குறைந்தன, ஆன்டிபயாடிக் சீட்டுகளும் குறைந்தன.

2020-இல் மருத்துவர்கள் இருட்டில் தடுமாறினார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2021-ஐ என்னால் அப்படி ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த 7,700-க்கும் மேற்பட்டவர்களை வைத்து, அசித்ரோமைசினால் பயனில்லை என்று 2020 டிசம்பரில் அறிவித்தது. வீட்டிலேயே இருந்த நோயாளிகளுக்கும் பயனில்லை என்று பிரின்சிபிள் ஆய்வு ஜனவரியில் சொன்னது. இரண்டாம் அலை நம்மை அடித்தது ஏப்ரலில். இடையில் மூன்று மாதம் இருந்தும் பழைய சீட்டே கைமாறி உங்கள் உறவினரின் கைப்பேசிக்கு வந்திருக்கிறது. நீங்கள் பிழைத்ததில் அந்த மாத்திரைக்குப் பங்கு இருந்ததாக எந்தச் சான்றும் இல்லை.

இழப்பு வேறிடத்தில். டைபாய்டுக்கு ஒரு காலத்தில் கைகொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் இந்தியாவில் பெரும்பாலும் பலிப்பதில்லை. வாய்வழியே கொடுக்க மிஞ்சியிருக்கும் முக்கியமான மருந்துகளில் ஒன்று இதே அசித்ரோமைசின்தான். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-இல் கிளம்பிய, பல மருந்துகளுக்கு மசியாத டைபாய்டு கிருமிக்கு எதிராக மாத்திரையாக மிஞ்சியது இது ஒன்றே. சாப்பிட்டு முடித்த பிறகும் பல நாள் உடலில் சன்னமாகத் தங்கும் மருந்து இது. கொல்லப் போதாத அந்தச் சன்னமான அளவில்தான் கிருமிகள் பாடம் படிக்கின்றன.

எனினும், கொரோனா காலத்தின் பெரிய சேதம் வீட்டு அட்டைகளால் வந்ததல்ல என்றே நினைக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவுகளைப் பாருங்கள். ஸ்டீராய்டு, வாரக்கணக்கில் வென்டிலேட்டர், ஒரு செவிலியருக்கு அளவுக்கு மீறிய நோயாளிகள், ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போகும்போது மாற்றப்படாத கவச உடை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் பத்து மருத்துவமனைகளில், 2020-இல், 17,534 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்தபோது கொரோனாவுக்கு மேல் வேறொரு கிருமியின் தொற்றும் வந்தவர்கள் 3.6 சதவீதம்தான். ஆனால் அவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். க்ளெப்சியெல்லா, அசினெட்டோபேக்டர் போன்ற, மருந்துகளை எதிர்த்து நிற்கும் மருத்துவமனைக் கிருமிகளே அங்கு அதிகம். ஆன்டிபயாடிக் உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள் இந்தச் சிலர். கொடுத்ததோ பெரும்பாலானவர்களுக்கு: உலகளவில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பாக்டீரியா தொற்றும் இருந்தவர்கள் 8 சதவீதம், ஆன்டிபயாடிக் பெற்றவர்கள் சுமார் 75 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் சொன்னது.

அம்மாவின் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; அடுத்த முறை மருத்துவருக்கு அது உதவும். மீண்டும் எரிச்சல், காய்ச்சல் என்றால் முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள். தொல்லை எதுவும் இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி தெரிந்தால், வயதானவர்களுக்கு அது சகஜம். மருந்து வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.