கதவுக் கேமராவுக்கு ஏன் இத்தனை கோபம்?

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கேமரா வைத்த அழைப்பு மணியைக் கதவில் மாட்டினேன். அன்றிலிருந்து எதிர்வீட்டுப் பாட்டி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியை அரசிடம் பதிய வேண்டும் என்பதை மட்டும் எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். இது என்ன கணக்கு?"

முகவரிப் பதிவு ஜெர்மனி முழுவதும் உள்ள நடைமுறைதான். நாடு இரண்டாகப் பிரிந்திருந்தபோது மேற்கு ஜெர்மனியிலும் இருந்தது, அதைப் பெரிதாக நினைக்க வேண்டாம். பாட்டியின் கோபம் வேறு. எழுபத்தைந்து வயது என்கிறீர்கள், லைப்சிக்கிலேயே பிறந்தவர் என்கிறீர்கள். அப்படியானால் அவர் நாற்பது வயது வரை, கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த தனி நாடான கிழக்கு ஜெர்மனியில் வாழ்ந்தவர். அங்கே குடியிருப்புகளில் 'வீட்டுப் புத்தகம்' என்று ஒன்று உண்டு. சில நாள் தங்கும் விருந்தாளியின் பெயரைக்கூட அதில் எழுத வேண்டும். அதைப் பராமரித்தவர் அதே கட்டடத்தில் குடியிருந்த ஒருவர். பகுதிப் போலீஸ்காரர் வந்து புரட்டிப் பார்ப்பார்.

போலீஸாவது சீருடையில் வந்தது. ரகசியப் போலீஸாக இயங்கிய, ஸ்டாசி என்ற அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 1989இல் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். நாட்டின் மக்கள்தொகையோ சுமார் 1.6 கோடிதான். அதற்கு மேல் ஒன்றேமுக்கால் லட்சம் பேர் அளவுக்கு ரகசியத் தகவலாளிகள். சக ஊழியர், பாதிரியார், சில சமயம் கட்டிய கணவன்கூட. கொள்கைக்காகச் செய்தவர்களும் உண்டு, சலுகைக்காகச் செய்தவர்களும் உண்டு, மிரட்டலுக்குப் பணிந்தவர்களும் உண்டு.

ஆட்சியை எதிர்த்து மக்கள் கிளம்பிய 1953 ஜூன் 17 எழுச்சியைச் சோவியத் டாங்கிகள் தெருவில் இறங்கி அடக்கின. எழுபதுகளில் அப்படி வெளிப்படையாகச் செய்வது சங்கடமாகிவிட்டது. 1973இல் ஐ.நா.வில் இடம், 1975இல் மனித உரிமைகளை மதிப்பதாகச் சொன்ன ஹெல்சிங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று நாட்டுக்கு வெளியுலக மதிப்பு தேவைப்பட்டது. கைதுகள் நிற்கவில்லை. ஆனால் 1976இல் வந்த ஓர் உள் உத்தரவு, சத்தமில்லாத வழியையும் முறைப்படுத்தியது. ஒருவரைப் பற்றி அவதூறு கிளப்புவது, வேலையில் திட்டமிட்டுத் தோற்கடிப்பது, நண்பர்களுக்குள் சந்தேகத்தை விதைப்பது. ஆள் இல்லாதபோது வீட்டில் நுழைந்து பொருள்களை இடம் மாற்றி வைத்ததும் நடந்திருக்கிறது. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். அடி வாங்கினால் தழும்பையாவது காட்டலாம், இதில் எதைக் காட்டுவது? என்னைக் கேட்டால், சிறையைவிட இதுதான் கொடுமை.

அதற்காக எல்லோரும் இரவும் பகலும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். காதலித்தார்கள், விடுமுறைக்குக் கடற்கரை போனார்கள், ஆட்சியைக் கிண்டலடித்துச் சிரித்தார்கள். என்ன, யாரோடு சிரிக்கிறோம் என்று பார்த்துச் சிரித்தார்கள்.

1989 அக்டோபர் 9 அன்று உங்கள் ஊரில்தான் சுமார் 70,000 பேர் ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். ஆயுதப் படைகள் தயாராக நின்றும் சுடவில்லை. டிசம்பர் 4 அன்று மக்கள் ஸ்டாசியின் மாவட்ட அலுவலகத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். 1992 முதல் தன்னைப் பற்றி ஸ்டாசி வைத்திருந்த கோப்பை யாரும் விண்ணப்பித்துப் படிக்கலாம். என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கடைசிவரை விண்ணப்பிக்கவே இல்லை. "படிக்காத வரை என் நண்பர்கள் எல்லோரும் நண்பர்கள்தான்" என்பார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கட்டடத்தின் பொது நடைவழியைப் படம்பிடிக்கும் கேமரா இங்கே சட்டப்படியும் சிக்கல்தான், அதனால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். கழற்றிவிட்டேன் என்று பாட்டியிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அந்தக் காலத்தைப் பற்றி அவராகப் பேசினால் கேளுங்கள். "உங்களைக் கண்காணித்தார்களா, நீங்கள் யாரையாவது கண்காணித்தீர்களா" என்று மட்டும் வாய் தவறிக்கூடக் கேட்காதீர்கள். அந்த ஸ்டாசி அலுவலகம், 'ருண்டே எக்கே', இப்போது அருங்காட்சியகம். நகர மையத்திலேயே இருக்கிறது, ஒரு மதியம் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள்.