ஆயா மீன் எடுத்தாங்கன்னு எழுது

கேள்வி: அக்கா, நான் தண்டையார்பேட்டை, காலேஜ் செகண்ட் இயர். எங்க ஆயா காசிமேட்டுல மீன் எடுத்து தெருத்தெருவா விக்கிறவங்க. அவங்களைப் பத்தி எழுதி தமிழ் சார்கிட்ட காட்டுனேன். "விஷயம் இருக்கு, உயிர் இல்ல, வினைச்சொல்லைப் பாரு"ன்னு சொல்லிட்டு குடுத்துட்டாரு. என்னத்தப் பாக்குறதுன்னே புரியல. மூணு பக்கமும் அனுப்பியிருக்கேன்.
- ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, படிச்சேன். உன் முதல் வரி இது: "அதிகாலை மூன்று மணிக்கு ஆயாவால் மீன் ஏலத்தில் எடுக்கப்பட்டு, ஐஸ் இடப்பட்டு, கூடையில் அடுக்கப்பட்டு, விற்பனை மேற்கொள்ளப்படும்." ஒரே வரியில நாலு 'படு', ஆயாவைக் காணோம்மா. அவங்க வீட்டுக்கு வந்து "இன்னிக்கு என்னால சங்கரா எடுக்கப்பட்டது"ன்னா சொல்றாங்க? "சங்கரா எடுத்தேன், வெல ஏறிப்போச்சு"ன்னு தான சொல்லுவாங்க.

நம்ம தமிழ்ல ஆள் யாருன்னு வினைச்சொல்லோட வாலே சொல்லிடும், எடுத்தேன்னா நான், எடுத்தாங்கன்னா அவங்க. எடுக்கப்பட்டதுன்னு ஆக்குனதும் அந்த வால் மீன் பக்கம் திரும்பிடுது, ஆயாவைத் தனியா 'ஆயாவால்'னு இழுத்துட்டு வர வேண்டியிருக்கு. ஆபீஸ் நோட்டீஸ், பரீட்சை பேப்பர் எல்லாம் படிச்சுப் படிச்சு எழுத்துன்னாலே இப்படித்தான்னு நமக்குப் பழகிப்போச்சு. இப்படி வெச்சுப் பாரு: "மூணு மணிக்கெல்லாம் ஆயா ஏலத்துல மீன் எடுப்பாங்க. ஐஸை உடைச்சு கூடையில கொட்டி, மீனை அடுக்கி, தலையில தூக்குவாங்க."

அடுத்தது, "மீன் சுத்தம் செய்யும் பணியில் ஈடுபட்டிருந்தார்". பணி, ஈடுபடுறது ரெண்டும் எதுக்கு? உனக்கு இதுல என்னைவிட நிறைய சொல் தெரியுமே, அருவாமனையில உக்காந்து செதில் சீவுறது, செவுளைப் பிடுங்குறது, வாலை நறுக்குறது எல்லாம் தினம் பாக்குற. பொதுவா 'சுத்தம்'னு மூடிட்டா ஆயா கை என்ன பண்ணுச்சுன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாமலே போயிடும்.

எனக்கு ரொம்ப வலிச்ச இடம் ரெண்டாம் பக்கம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையோட எண்ணூர் கொசஸ்தலை ஆத்துல எண்ணெய் படர்ந்துச்சே, அதை எழுதிட்டு "இதனால் மீன் விற்பனை பெரிதும் பாதிக்கப்பட்டது"ன்னு ஒரு வரியில முடிச்சுட்ட. பாதிக்கப்பட்டதுன்னா என்னம்மா ஆச்சு? யாரும் வாங்கலையா, எண்ணெய் நாத்தம் அடிக்குதான்னு மோந்து பாத்துட்டுப் போட்டுட்டாங்களா, ஆயா கூடையை எறக்காமலே திரும்பி வந்தாங்களா, அன்னிக்கு ராத்திரி வீட்டுல அடுப்பு எரிஞ்சுதா? ஆயாகிட்ட உக்காந்து கேளு, அவங்க எந்த வினைச்சொல்லுல சொல்றாங்களோ அதையே எழுது.

பேனாவை எடுத்து 'பட்டது', 'படும்'னு முடியுற எல்லாத்தையும் வட்டம் போடு, ஆனா வட்டம் போட்டதை எல்லாம் வெட்டாத. வெக்கப்பட்டாங்க, கஷ்டப்பட்டாங்கன்றதுல எல்லாம் வெக்கமும் கஷ்டமும் படுறது ஆயாவே தான், அது செயப்பாட்டு வினை இல்ல. யார் செஞ்சாங்கன்னே தெரியாத இடமும் வரும், அதுக்கும் நம்மகிட்ட சொல் இருக்கு. தாத்தா போட் இன்ஜின் "களவாடப்பட்டது"ன்னு எழுதியிருக்க, "திருடு போச்சு"ன்னு எழுது போதும்.

அதே சமயம் பலமான சொல் வேணும்னு 'சொன்னாங்க'வை எல்லாம் 'முழங்கினார்'னு மாத்திடாத. ஆயா சொன்னாங்கன்னா சொன்னாங்க தான்.

மூணாம் பக்கத்துல "ஐஸ் தண்ணி கூடையிலேர்ந்து ஒழுகி ஆயா கழுத்துல எறங்கும், சும்மாடு நனைஞ்சு கனக்கும்"னு எழுதியிருக்க பாரு, அதுல கையே வெக்காத. அதைத் தூக்கி முதல் வரியா போட்டுப் பாத்துட்டு எனக்கு மறுபடி அனுப்பு.