ஆறடிச் சுவரும் அரசாங்க ஜாமீனும்

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பினத்தவர் தனிப் பகுதிகளில் வாழ்வது அவரவர் விருப்பம், வசதி. 1968-லேயே பாரபட்சத்தைத் தடுக்கும் வீட்டுவசதிச் சட்டம் வந்துவிட்டது. இன்னும் அரசைக் குறை சொல்வானேன்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: விருப்பமா? டெட்ராய்ட் நகரில், எட்டு மைல் சாலைக்குத் தெற்கே இன்றும் ஒரு கான்கிரீட் சுவர் நிற்கிறது. ஆறடி உயரம், அரை மைல் நீளம். 1941-ல் வெள்ளையருக்கு வீடு கட்டி விற்க வந்த ஒருவர் எழுப்பியது. பக்கத்திலேயே கறுப்பர் குடியிருப்பு இருந்ததால், வங்கிக் கடனுக்கு ஜாமீன் நிற்க மத்திய வீட்டுவசதி நிர்வாகம் மறுத்துவிட்டது. 'நடுவே சுவர் வைக்கிறேன்' என்றார். உடனே சம்மதம் கிடைத்தது. சுவரின் ஒரு பகுதியில் பிற்பாடு ஓவியம் தீட்டினார்கள். பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ், அதில் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார்.

அதற்கு முன்பே, 1930-களில், இன்னொரு அரசு நிறுவனம் நகரங்களை நான்கு வண்ணங்களில் பிரித்து வரைபடம் போட்டிருந்தது. கறுப்பர் வாழ்ந்த தெருக்களுக்கு அநேகமாகச் சிவப்புதான். கடன் கொடுத்தால் ஆபத்து என்று பொருள்.

வசதி என்றீர்களே, அதற்கும் வருகிறேன். 1947-ல் நியூயார்க்குக்கு அருகே லெவிட்டவுன் எழும்பியது. 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள், எல்லாம் அரசு ஜாமீனில். போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கென்றே கட்டியவை. ஆனால் அங்கே வாடகை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: வெள்ளையர் அல்லாதவர் யாரும் குடியிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரர் என்றால் மட்டும் பரவாயில்லையாம்! சீருடை அணிந்து சண்டை போட்டுவிட்டு வந்த கறுப்புச் சிப்பாய், கையில் பணம் வைத்திருந்தாலும், துடைப்பத்தோடுதான் அங்கே தங்க முடியும். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிதாக அப்படி நிபந்தனையோடு பதிவாகும் வீடுகளுக்கு ஜாமீனை நிறுத்த, மத்திய வீட்டுவசதி நிர்வாகத்துக்கு 1950 பிப்ரவரி வரை ஆயிற்று.

இனி உங்கள் 1968. நாடாளுமன்றத்தில் இழுபறியில் கிடந்த மசோதா அது. ஏப்ரல் 4-ல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரே வாரத்தில், 11-ஆம் தேதி, அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். புகாரோடு போனவருக்கு வீட்டுவசதித் துறை என்ன செய்ய முடிந்தது? இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசலாம், அவ்வளவே. அந்தச் சட்டத்தின்படி தனி ஆள் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தால், வீடு தர மறுத்தவருக்குத் தண்டனையாக விதிக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு 1,000 டாலர். அந்த வரம்பை எடுக்கவே 1988 ஆகிவிட்டது.